ஒளி நுழையும், ரேடியோ அலை நுழையாது!
கண்ணாடிக்குப் பூசும் அதிசயப் பூச்சு

1943-ம் ஆண்டு. உலக யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம். அமெரிக்காவில், நியூயார்க் நகரில், வாரிக் தெரு என்று ஒரு தெரு. அங்கே அமெரிக்க ராணுவத்தின் இரகசியச் செய்தி நிலையம் ஒன்று இருந்தது. ராணுவத் தலைவர்கள் அனுப்பும் செய்திகளை அங்கே ஒரு யந்திரம் சங்கேத எழுத்தாக மாற்றும். அந்தச் சங்கேதத்தை எதிரியால் உடைக்கவே முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

யந்திரத்தைச் செய்துகொடுத்தது பெல் டெலிபோன் கம்பெனி. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு நாள் விசித்திரமான ஒன்று நடந்தது. யந்திரம் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு மூலையில் மின்சார அலைகளைப் படமாகக் காட்டும் கருவி இருந்தது. இரண்டையும் இணைக்க எந்தக் கம்பியும் இல்லை. ஆனாலும் யந்திரம் ஓர் எழுத்தை மாற்றும்போதெல்லாம் கருவியில் ஒரு கோடு துள்ளியது! அந்தத் துள்ளல்களை உற்றுப் பார்த்தபோது, சங்கேதம் போடுவதற்கு முன்பிருந்த செய்தியையே படித்துவிடலாம் என்று தெரிந்தது.

பெல் கம்பெனியார் இதை ராணுவத்திடம் சொன்னார்கள். ராணுவத்தார் நம்பவில்லை. "முடிந்தால் செய்து காட்டுங்கள்" என்றார்கள்.

செய்து காட்டினார்கள். வாரிக் தெரு நிலையத்துக்கு எதிரே, சுமார் 80 அடி தூரத்தில் இருந்த கட்டிடத்தில் என்ஜினீயர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் அலைகளைப் பதிவு செய்தார்கள். மூன்று, நான்கு மணி நேரம் கழித்து, நிலையத்தில் போன செய்திகளில் முக்கால் பங்கை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்!

ராணுவத்தார் திகைத்துப்போனார்கள். பூட்டு உடையவில்லை. காவற்காரன் தூங்கவில்லை. இருந்தும் இரகசியம் வெளியே போய்விட்டது.

போனது எப்படி?

மின்சாரம் ஏறி இறங்கும் இடத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அலைகள் கிளம்புகின்றன. அவற்றுக்கு மின்காந்த அலைகள் என்று பெயர். ரேடியோவுக்குப் பாட்டைக் கொண்டுவருவதும் இந்த அலைதான். செல்போனில் பேச்சைக் கொண்டுபோவதும் இதுதான். சூரிய வெளிச்சமும் இதே இனம். வேறுபாடெல்லாம் வேகமாக அதிர்கிறதா, மெதுவாக அதிர்கிறதா என்பதில்தான்.

செங்கல் சுவரும் மரக்கதவும் ரேடியோ அலையை முழுதாக நிறுத்துவதில்லை. சாதாரணக் கண்ணாடி கொஞ்சம்கூட மறிப்பதில்லை என்றே சொல்லலாம். வெளிச்சம் போகிற மாதிரி ரேடியோ அலையும் அதன் வழியே போய்விடுகிறது.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அந்த வழியைக் காட்டியவர் ஒரு கொல்லர் மகன்.

பாரடேயின் பெட்டி

மைக்கேல் பாரடே இங்கிலாந்துக்காரர். ஏழை. சிறு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்தவர். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானி ஆனவர்.

1836-ல் அவர் லண்டனில் ஒரு பெரிய பெட்டி கட்டினார். நீளம், அகலம், உயரம் எல்லாம் 12 அடி. மரச்சட்டம். அதைச் சுற்றிச் செம்புக் கம்பி, காகிதம், வெள்ளீயத் தகடு. பெட்டிக்கு வெளியே பலமான மின்சாரத்தை ஏற்றினார். பெட்டியின் மேல் தீப்பொறிகள் பறந்தன. பாரடே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்! மின்சாரத்தைக் காட்டும் நுட்பமான கருவிகளையும், எரியும் மெழுகுவர்த்திகளையும் வைத்துச் சோதித்தார். உள்ளே மின்சாரத்தின் சுவடே இல்லை.

காரணம் இதுதான். உலோகத்துக்குள் எலெக்ட்ரான் என்னும் நுண்ணிய மின்துகள்கள் சுதந்திரமாக ஓடித் திரிகின்றன. வெளியிலிருந்து மின்சாரம் அழுத்தினால், இவை ஓடிப்போய் அதற்கு எதிராக வரிசை கட்டி நிற்கின்றன. வந்த அழுத்தமும் எதிர் அழுத்தமும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. அலை வந்தாலும் அப்படித்தான். அலையோடு சேர்ந்து எலெக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஓடி, அதை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகின்றன.

ஆகவே இரகசிய அறையைச் சுற்றித் தகடு அடித்தால் போதும். ஆனால் ஜன்னல்? மனிதர்கள் வேலை செய்யும் அறைக்கு வெளிச்சம் வேண்டாமா? விமானிக்கு முன்னால் தகடு அடிக்க முடியுமா? எழுத்து தெரியவேண்டிய திரைக்கு முன்னால் தகடு வைத்தால் அதை யார் படிப்பது?

சல்லடை

முதலில் கிடைத்த விடை, உலோக வலை. மைக்ரோவேவ் அடுப்பு உள்ள வீட்டில் அதன் கதவைப் பார்த்தால் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் பொட்டுப் பொட்டாகத் துளையிட்ட தகடு இருக்கும். அடுப்பின் அலை ஒன்றின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். துளையின் அகலமோ ஓரிரு மில்லிமீட்டர். அலை தப்ப முடியாது. வெளிச்சத்தின் அலை நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது துளையில் தாராளமாகப் போய்வருகிறது. கொதிக்கிற குழம்பு வெளியே தெரிகிறது. குழம்பைக் கொதிக்க வைக்கிற அலை உள்ளேயே நிற்கிறது.

ஆனால் வலைக்குப் பின்னால் எழுத்தை வைத்துப் படித்தால் கண் கூசும். கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் வலை வைத்தால், திரையின் புள்ளிகளும் வலையின் கண்களும் ஒன்றோடொன்று மோதி, அலை அலையாகக் கோடுகள் தெரியும். குழம்புக்குச் சரி, கண்ணுக்கு வேலை கொடுக்கும் இடத்துக்குச் சரியில்லை.

வலையும் வேண்டாம், துளையும் வேண்டாம். கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கவேண்டும். ஆனால் உலோகம் போல மின்சாரம் அதில் ஓடவேண்டும். இப்படி ஒன்று உண்டா?

உண்டு. 1907-ல் ஜெர்மனியில் கார்ல் பேடெக்கர் என்ற விஞ்ஞானி அதை வெளியிட்டார். (இவருடைய தாத்தா அச்சிட்ட ஊர்சுற்றிக் கையேடுகளை ஐரோப்பாவில் அறியாதவர் இல்லை.) பேரன் கண்ணாடியின் மேல் காட்மியம் என்ற உலோகத்தை மிக மெல்லியதாகப் படியவைத்தார். பிறகு காற்றில் சூடாக்கினார். உலோகம் பிராணவாயுவோடு சேர்ந்து ஆக்சைடாக மாறியது. கண்ணாடி தெளிந்தது, ஆனாலும் மின்சாரம் அதில் ஓடியது! அதை வைத்து என்ன செய்யலாம் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. பேடெக்கர் 1914-ல் யுத்தத்தில் மாண்டுபோனார்.

நிறம் தெரியாத பேராசிரியர்

இன்று இந்த வேலைக்கு மிகச் சிறந்தது என்று பெயர் எடுத்த பூச்சில் முக்கியமான உலோகம் 'இந்தியம்'. பெயரைக் கேட்டதும் நம் நாட்டு உலோகம் என்று தோன்றும். கதை கொஞ்சம் சுற்றுவழியாகப் போகிறது.

1863-ம் ஆண்டு. ஜெர்மனியில் பிரைபர்க் என்ற ஊர். சுரங்கத் தொழில் கற்பிக்கும் கல்லூரியில் பெர்டினாண்ட் ரைக் என்ற பேராசிரியர் துத்தநாகக் கல்லைச் சோதித்துக் கொண்டிருந்தார். ஒரு பொருளைத் தீயில் காட்டி, அந்த ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் வண்ணக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு நிறக் கோடு. கைரேகை மாதிரி. ஆனால் பாவம், ரைக்குக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவர் நிறக்குருடர்!

உதவியாளர் தியோடர் ரிக்டரை அழைத்துப் பார்க்கச் சொன்னார். ரிக்டர் பார்த்தார். பளிச்சென்று ஒரு கருநீலக் கோடு. அதுவரை யாரும் பார்த்திராத கோடு. புது உலோகம்! அவுரி நீலத்துக்கு ஐரோப்பாவில் 'இண்டிகோ' என்று பெயர். அந்த நிறத்தை வைத்து உலோகத்துக்கு 'இந்தியம்' என்று பெயரிட்டார்கள். இண்டிகோ என்ற சொல்லோ, இந்தியாவிலிருந்து வந்த சாயம் என்ற பொருளில் பிறந்தது. இப்படியாக, ஜெர்மன் சுரங்கத்தில் கிடைத்த உலோகம் நம் ஊர் அவுரிச் செடியின் வழியாக நம் நாட்டுப் பெயரைச் சுமக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில் விமானத்தின் முன்கண்ணாடியில் பனி உறைந்து விமானிகளுக்கு வழி தெரியாமல் போயிற்று. அப்போது வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடி கைகொடுத்தது. அந்தப் பூச்சில் மின்சாரம் செலுத்தினால் கண்ணாடி சூடேறும், பனி உருகும், பார்வையும் மறையாது. பின்னர் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியைச் சேர்ந்த ஜான் மோச்செல், இந்திய ஆக்சைடில் சிறிது வெள்ளீய ஆக்சைடு கலந்த பூச்சுக்கு 1951-ல் உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று வழக்கத்தில் உள்ள கலவை, 100 கிராமில் 90 கிராம் இந்திய ஆக்சைடு, 10 கிராம் வெள்ளீய ஆக்சைடு.

இந்தப் பூச்சைப் பார்க்க எங்கும் போகவேண்டியதில்லை. செல்போனின் தொடுதிரையில் இருப்பது பெரும்பாலும் இதுதான். விரல் பட்ட இடம் போனுக்குத் தெரிவது இதனால்தான்.

ஊஞ்சல் கணக்கு

சரி, ரேடியோ அலையைத் தடுக்கிற பூச்சு வெளிச்சத்தை மட்டும் ஏன் விடுகிறது?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளலாம். நிதானமாகத் தள்ளினால் ஊஞ்சல் தள்ளுகிறவர் இஷ்டத்துக்குப் போய்வரும். படபடவென்று முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தட்டினால்? ஊஞ்சல் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்த இடத்திலேயே நிற்கும்.

மைக்ரோவேவ் அலை ஒரு வினாடிக்கு 245 கோடி தடவை அதிர்கிறது. இதுவே 'நிதானம்' என்றால் வெளிச்சம் எப்படிப்பட்டது! அது வினாடிக்கு நாலு கோடி கோடி தடவைக்கு மேல் அதிர்கிறது. பூச்சிலுள்ள எலெக்ட்ரான்கள் ரேடியோ அலையோடு சேர்ந்து ஓடி அதைத் திருப்பி அடிக்கின்றன. வெளிச்சத்தின் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடிவதில்லை. வெளிச்சம் தாண்டிப் போய்விடுகிறது.

செம்பில் எலெக்ட்ரான்கள் நெருக்கடியாக இருக்கின்றன. அந்தக் கூட்டம் வெளிச்சத்தையும் விடுவதில்லை. அதனால்தான் செம்புத் தகடு கண்ணாடி போலத் தெளிவாக இல்லை. இந்திய ஆக்சைடுப் பூச்சில் எலெக்ட்ரான்கள் செம்பில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் உண்டு. ரேடியோவைத் தடுக்க இது போதும். வெளிச்சத்தைத் தடுக்கப் போதாது. வெள்ளீயம் கலப்பது இந்த எண்ணிக்கையைச் சரியான அளவுக்கு உயர்த்தத்தான். சாம்பாருக்கு உப்புப் போடுகிற மாதிரி. கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

எவ்வளவு தடுக்கும்?

பூசுவது தூரிகையால் அல்ல. காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் கண்ணாடியை வைக்கிறார்கள். பூச்சுப் பொருளின் கட்டி எதிரே இருக்கும். ஆர்கான் என்ற வாயுவின் மின்னேறிய அணுக்களைக் கட்டியின் மேல் மோதவிடுகிறார்கள். கல்லெறிந்தால் புழுதி பறக்கிற மாதிரி, கட்டியிலிருந்து அணுக்கள் பறந்து கண்ணாடியில் படிகின்றன. நல்ல பூச்சின் பருமன் ஒரு தலைமயிரின் பருமனில் சில நூறில் ஒரு பங்கு!

பூச்சின் தரத்தை மின்தடையால் அளக்கிறார்கள். ஒரு சதுரத் துண்டின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு மின்சாரம் போக எவ்வளவு தடை என்பது கணக்கு. சதுரம் சிறிதானாலும் பெரிதானாலும் எண் ஒன்றேதான். தடை 100 ஓம் என்றால், கண்ணாடியின் மேல் விழும் ரேடியோ சக்தியில் 8-ல் ஒரு பங்கு உள்ளே போய்விடும். இது பெயருக்குத் தடுப்பு. 10 ஓம் என்றால் சுமார் 400-ல் ஒரு பங்குதான் போகும். 1 ஓம் ஆக்கினால் சுமார் 36,000-ல் ஒரு பங்கு.

அப்படியானால் எல்லாக் கண்ணாடியையும் 1 ஓம் ஆக்கிவிடலாமே! அங்கேதான் சிக்கல். தடை குறையவேண்டுமானால் பூச்சு தடிக்கவேண்டும். பூச்சு தடித்தால் கண்ணாடியில் நிறம் ஏறும், வெளிச்சம் குறையும், விலையும் ஏறும். இந்தியம் மலிவான சரக்கல்ல. துத்தநாகம் எடுக்கும்போது கூடவே சொற்பமாகக் கிடைப்பது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவில்தான் புதிதாகக் கிடைக்கிறது.

சந்து

இவ்வளவு பாடுபட்டுச் செய்த கண்ணாடியை ஒரு தச்சர் பாழாக்கிவிட முடியும். எப்படி? வழக்கம்போல் ரப்பர் வைத்துச் சட்டத்தில் இறுக்கினால் போதும்!

ரப்பரில் மின்சாரம் ஓடாது. பூச்சில் ஓடிவந்த எலெக்ட்ரான்கள் விளிம்புக்கு வந்ததும் போக வழியின்றி நிற்கும். கண்ணாடிக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய சந்து ஒன்று ஏற்பட்டுவிட்டது. அந்தச் சந்து தலைமயிர் அகலமே இருக்கலாம். ஆனால் அலைக்குச் சந்தின் அகலம் பெரிதல்ல, நீளம்தான் பெரிது. சந்தின் நீளம் அலை நீளத்தில் பாதி இருந்தால், அதுவே ரேடியோ கம்பம் போல வேலை செய்து அலையை மறுபக்கம் அனுப்பும். 12 சென்டிமீட்டர் அலைக்கு 6 சென்டிமீட்டர் சந்து போதும். ஒரு விரல் நீளம்!

அதனால் கண்ணாடியின் நான்கு விளிம்பிலும் வெள்ளி கலந்த பசையால் கரை கட்டுகிறார்கள். மின்சாரம் ஓடும் கம்பி வலையாலோ, உலோகத் தூள் கலந்த ரப்பராலோ அந்தக் கரையைச் சட்டத்தோடு சேர்க்கிறார்கள். சட்டத்தின் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்டி எடுக்கவேண்டும். பூச்சின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த விளிம்பு வேலையைப் பேசுவதில்லை. பாதுகாப்பு பெரும்பாலும் கெடுவது இங்கேதான்.

திரையைப் படித்த வேன்

1985-ல் ஹாலந்துக்காரர் விம் வான் எக் உலகத்தைத் திடுக்கிட வைத்தார். அந்நாளில் கம்ப்யூட்டர் திரைகள் பழைய டெலிவிஷன் பெட்டி மாதிரி படக்குழாய் கொண்டவை. சாதாரண டெலிவிஷன் பெட்டியில் சிறிது மாற்றம் செய்து, நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்திலிருந்தே கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படிக்கலாம் என்று அவர் காட்டினார். லண்டன் தெருவில் வேனை நிறுத்தி, எதிர்க் கட்டிடத்துத் திரையைப் படித்துக் காட்டினார்கள். வாரிக் தெருவில் ராணுவம் மட்டும் அறிந்த இரகசியம், இப்போது சந்தைக்கு வந்துவிட்டது!

இரகசிய வேலைக்கான திரைகளுக்கு முன்னால் பூச்சுக் கண்ணாடி வைப்பது இதற்காகத்தான். உள்ளே இருக்கும் அலை வெளியே போகாது. வெளியே இருக்கும் ரேடார் அலை உள்ளே வந்து திரையைக் குழப்பாது. ஆஸ்பத்திரிக் கருவிகளின் திரைகளுக்கும் இதே பூச்சு உதவுகிறது.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது போதாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோயாளி குழாய்க்குள் படுத்திருப்பார். அடுத்த அறையிலிருந்து ஒருவர் ஜன்னல் வழியே அவரைக் கவனித்துக்கொண்டிருப்பார். உடம்பிலிருந்து வரும் ரேடியோ அலை மிக மிகப் பலவீனமானது. 1.5 டெஸ்லா காந்தம் உள்ள கருவியில் அது வினாடிக்கு சுமார் 6 கோடியே 40 லட்சம் தடவை அதிர்கிறது. எப்.எம். ரேடியோ நிலையங்களின் அலைக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லவேண்டும். வெளியே இருந்து ஒரு பாட்டு நுழைந்தாலும் படத்தில் கோடு விழும். டாக்டர் அதைப் பார்த்து முடிவு சொல்லவேண்டுமே!

ஆகவே அந்த அறையைச் சுற்றிச் செம்புத் தகடு. அங்கே கேட்கிற தடுப்பு, ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் போகலாம் என்ற அளவில் இருக்கும். 400-ல் ஒரு பங்கு விடும் பூச்சுக்கு அங்கே வேலை இல்லை. கண்ணாடிகளுக்கு நடுவே நெருக்கமான செம்பு வலையை வைத்துத்தான் ஜன்னல் செய்கிறார்கள். வலை கொஞ்சம் இருட்டடித்தாலும், உள்ளே படுத்திருப்பவர் கையை அசைப்பது வெளியே இருப்பவருக்குத் தெரிகிறது.

வேண்டாத இடத்தில் வந்த தடுப்பு

கடைசியாக ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் குளிரும் வெயிலும் உள்ளே வராமல் இருக்க ரயில் ஜன்னல்களுக்குப் பூச்சுக் கண்ணாடி போட்டார்கள். வெள்ளியை மிக மெல்லியதாகப் பூசிய கண்ணாடி அது. வெப்ப அலையைத் திருப்பி அனுப்பும். குளிர்காலத்தில் சூட்டுக்கு ஆகும் மின்சாரம் மிச்சம்.

ரயில் ஓடியது. பிரயாணிகள் செல்போனை எடுத்தார்கள். பேச்சு கேட்கவில்லை! வெள்ளிப் பூச்சு செல்போன் அலையையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட சில கண்ணாடிகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே வருகிறது. பெட்டி இரும்பு, ஜன்னல் வெள்ளி. பிரயாணிகள் பாரடேயின் பெட்டிக்குள் உட்கார்ந்து பிரயாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியின் விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பூச்சை எடுக்கவில்லை. லேசர் கதிரால் அதில் மெல்லிய கோடுகள் கீறினார்கள். பெரிய வயலை வரப்புப் போட்டுச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்த மாதிரி ஆயிற்று. ரேடியோ அலையைத் தடுக்க எலெக்ட்ரான்கள் கண்ணாடி முழுவதும் ஓடவேண்டும். பாத்திக்குள் அடைபட்டதால் அவற்றால் ஓட முடியவில்லை. ரேடியோ அலை நுழைந்துவிட்டது. வெப்ப அலைக்கோ நீளம் மிகக் குறைவு. அதைத் திருப்ப ஒரு பாத்தியே ஏராளம். குளிர் முன்போலவே வெளியே நின்றது.

2016-ல் சுவிட்சர்லாந்தின் பி.எல்.எஸ். ரயிலில் இந்த ஜன்னல்களைப் பொருத்திச் சோதித்தார்கள். பிரயாணிகள் கூட்டி நெருக்கிப் பார்த்தாலும் கோடுகள் கண்ணில் படுவதில்லை. செல்போனில் பேச்சு கேட்டது.